புரோக்கர் கூட்டி வர்ற வக்கீல் யாரோட வக்கீல்?

நாகப்பட்டினத்துலேர்ந்து காரைக்காலுக்கு சுமார் 20 கிலோமீட்டர் தான். பேச்சு அதே, வயல் அதே. நிலம் வாங்கற நடைமுறையும் அதேன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க பாருங்க, வில்லங்கமே அங்கதான் ஆரம்பம்!

இது புதுச்சேரி யூனியன் பிரதேசம் சாமி. தமிழ்நாட்டுப் பதிவுத்துறை தளத்துல இந்த ஊர் வில்லங்கச் சான்று கிடைக்காது. 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படி கைமாறினது 1962ல. அதனால சில சொத்துக்கு மூலப்பத்திரம் பிரெஞ்சுல, நொத்தேர் எழுதினதா இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்சவர் வேணும்.

"அதுக்கென்ன, புரோக்கரே வக்கீல் வெச்சிருக்கார்"ங்கறாங்க. ஐயா, கிரயம் முடிஞ்சாத்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் கூட்டி வர்ற வக்கீல் "வாங்காதீங்க"ன்னு எப்படிய்யா சொல்வார்?

உங்க ஊர் வக்கீலும் இங்க வந்து வாதாடலாம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பார் கவுன்சில், ஒரே ஹைகோர்ட். ஆனா தகுதி வேற, பழக்கம் வேற. காரைக்கால் கோர்ட்டுல தினம் நிக்கற, விக்கறவருக்குச் சம்பந்தமே இல்லாத ஆளா நீங்களே தேடுங்க. காசு நீங்களே குடுங்க. கருத்தை எழுத்துல, கையெழுத்தோட வாங்குங்க.

"எல்லாம் கிளியர் சார்"னு வாயால சொல்றவருக்கு ஃபீஸையும் வாயாலயே குடுத்துடுங்க!