சீர்காழிப் பேராசிரியரும் மைசூர் வரி ரசீதும்

தேவராஜ மொஹல்லாவில் கடையோ வீடோ வைத்திருக்கும் தமிழ் அன்பர்கள் ஆண்டுதோறும் மைசூர் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். அத்துடன் ரூபாய்க்கு ஆறு பைசா வீதம் நூலகங்களுக்கென்று ஒரு செஸ்ஸும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இந்த ஆறு பைசாவுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பேராசிரியர் நிற்கிறார் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர்தான் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன். தஞ்சை மாவட்டமாக இருந்த சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். கணிதம் படித்தவர். 1917-ல் அவர் முதன்முதலாக ஆசிரியர் பணியில் அமர்ந்தது இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த மங்களூர் அரசினர் கல்லூரியில்தான். சிறு வயது முதல் திக்குவாய் அவரை வாட்டியது. அப்படிப்பட்டவர் வகுப்பில் நின்று பாடம் சொல்லி மாணவர்களைத் தம்பால் ஈர்த்தார் என்றால், அதற்குப் பின்னால் இருந்த மன உறுதியைச் சொல்ல வேண்டியதில்லை.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். போன சில நாட்களிலேயே வேலை அவருக்குச் சலித்துவிட்டது. பேசுவதற்கு ஆளில்லை, கற்றுக்கொடுக்க மாணவர் இல்லை. பழைய வாத்தியார் வேலையே தேவலை என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டார். லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்கே திரும்பலாம் என்று மேலிடத்தார் சமாதானம் செய்து அனுப்பினர்.

லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அவரிடம் பாடம் கேட்டதோடு நில்லாமல், ரங்கநாதன் ஊர் ஊராகச் சென்று நூலகங்களைப் பார்த்தார். அங்கே எளிய தொழிலாளியும் குழந்தையும் பெண்களும் நூலகத்துக்குள் நுழைந்து வேண்டிய புத்தகத்தைத் தாமே எடுத்துப் பார்ப்பதும், நூலகர் அருகில் வந்து என்ன வேண்டும் என்று கேட்பதும் அவர் மனத்தை மாற்றின. ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான்களைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் வருகின்றன. புத்தகப் பொருள்களையும் இப்படிப் பகுத்துப் பூட்டலாமே என்று தோன்றியதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்புமுறை. உலகெங்கும் அவருக்குப் புகழ் தேடித் தந்தது அதுவும், அதற்கு இரண்டாண்டு முன்பு வந்த ஐந்து விதிகள் பற்றிய நூலும்.

புகழ் கிடக்கட்டும். சென்னை திரும்பியவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். வாசகர்களை அலமாரி வரை செல்ல அனுமதித்தார். அதுவரை பெரும்பாலான நூலகங்கள் டிக்கெட் கவுண்டர் மாதிரிதான். ஜன்னலுக்கு வெளியே நின்று சீட்டை நீட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் இல்லை என்றால் இல்லைதான். ரங்கநாதன் ஜன்னலை நீக்கியதோடு, அலமாரிகளுக்கு நடுவே வாசகருக்கு உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களையும் நிறுத்தினார். அப்படிப்பட்ட ஆட்கள் தாமாக முளைக்க மாட்டார்கள் அல்லவா? 1928-ல் சென்னை நூலகச் சங்கம், 1929-ல் அதன் கோடைப் பள்ளி, 1931 முதல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே நூலகப் படிப்பு என்று வரிசையாக வந்தது இதனால்தான். விட்டு வந்த வாத்தியார் வேலை அவரைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கே வந்து சேர்ந்தது.

பிறகு காசி, டில்லி, உஜ்ஜயினி என்று போன இடமெல்லாம் மாணவர்கள். நூலகவியலில் இந்தியாவின் முதல் டாக்டர் பட்டம் டில்லியில் அவருடைய மாணவருக்கே கிடைத்தது. வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைத் துணைவியார் சாரதாவின் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! சிக்கனமான மனிதர், தமக்கென்று செலவழிக்க மனம் வராதவர்.

கடைசி ஆண்டுகளில் அவர் பெங்களூர்வாசி. 1962-ல் அங்கே தொடங்கப்பட்ட டி.ஆர்.டி.சி. என்னும் ஆவணப் பயிற்சி மையத்தில் கௌரவப் பேராசிரியராக இருந்து, எழுபது வயதைத் தாண்டியும் இளைஞர்களுடன் விவாதித்து வந்தார். அந்த மையத்தைப் பின்னர் பேராசிரியர் நீலமேகன் போன்ற சீடர்கள் வளர்த்தார்கள். இன்று அது பெங்களூரில் மைசூர் ரோட்டில்தான் இருக்கிறது. மைசூரிலிருந்து பஸ்ஸில் பெங்களூர் செல்வோர் கெங்கேரியைக் கடந்ததும் அதன் வழியாகத்தான் போகிறார்கள். ரங்கநாதன் 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரிலேயே காலமானார்.

இனி வரி ரசீதுக்கு வருவோம். பொது நூலகம் தர்ம கைங்கரியமாக இருக்கக் கூடாது, சட்டப்படி நிதி பெற வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் வாதம். அதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நூலகச் சட்டம் வந்தது. மைசூர் மாநிலத்தில் 1965-ல் வந்த சட்டத்துக்கும் மூல யோசனை அவருடையதே. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிப்பு ஆரம்பமானதும் அதே ஆண்டில்தான்.

சட்டம் இருக்கிறது, செஸ் வசூலாகிறது. ஆனால் வசூலித்த பணத்தை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத் துறைக்கு ஒழுங்காகச் செலுத்துவதில்லை என்ற புகார் கர்நாடகத்தில் பல்லாண்டுகளாக எழுந்து வருகிறது. பெங்களூர் மாநகராட்சியின் பாக்கி பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட செய்தி. பணம் வராவிட்டால் முதலில் நிற்பது புத்தகம் வாங்குவது. அடுத்து நிற்பது ஆள் நியமனம். கட்டடத்தைப் பூட்டித் திறக்க ஒருவர் இருந்தால் போதும் என்று அதிகாரிகள் நினைத்துவிடுகிறார்கள். ரங்கநாதன் வாழ்நாள் முழுதும் எதிர்த்தது இந்த நினைப்பைத்தான். பூட்டித் திறப்பவர் காவலர். வாசலில் தயங்கி நிற்கும் பையனிடம் என்ன தேடுகிறாய் தம்பி என்று கேட்பவர்தான் நூலகர்.

மைசூரில் படிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய லான்ஸ்டவுன் கட்டடத்தின் புத்தகக் கடைகளில் பல தலைமுறை மாணவர்கள் பாடநூல் தேடியிருக்கிறார்கள். 2012-ல் அதன் ஒரு பகுதி இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. ராஜீவ் நகரில் கூலித் தொழிலாளி ஒருவர் தம் சம்பாத்தியத்தில் நடத்தி வந்த நூலகம் 2021 ஏப்ரலில் தீக்கு இரையாகி, சுமார் 11,000 புத்தகங்கள் சாம்பலாயின. அந்த ஏழை மனிதர் தம் கைப்பணத்தில் செய்த காரியத்துக்காகத்தான் அரசாங்கம் நம்மிடம் செஸ் வாங்குகிறது!

ஆகஸ்ட் 12 நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. படத்துக்கு மாலை போடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வாண்டு அத்தினத்தில் மைசூர்த் தமிழ்ச் சங்கங்களும் கன்னட நண்பர்களும் சேர்ந்து மாநகராட்சி ஆணையரிடம் ஒரு மனுக் கொடுக்கலாம். நூலகச் செஸ் இதுவரை எவ்வளவு வசூலாயிற்று, அதில் எவ்வளவு நூலகத் துறைக்குப் போயிற்று, நகரக் கிளை நூலகங்களில் பயிற்சி பெற்ற நூலகர் பதவிகள் எத்தனை காலியாக உள்ளன என்று மூன்று கேள்விகள் போதும். ரசீது கையிலிருக்கும் எவருக்கும் கேட்க உரிமை உண்டு.