வயிறு அறிந்து தீனி

சென்ற ஆண்டு மார்கழியில், நெசவாளரும் குடியானவரும் கலந்து வாழும் ஒரு சிற்றூரின் சங்கத்தைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். கடன் பேரேட்டைப் புரட்டியபோது, தவணை தவறாத அங்கத்தினர் ஒருவரின் பெயருக்கு நேரே மூன்று தவணைகள் நின்றிருந்தன. காரணம் கேட்டோம். "ஆவணியில் மாடு செத்துவிட்டது, விதி" என்றார் காரியதரிசி.

அந்த அங்கத்தினர் குழித்தறி நெய்பவர். சங்கத்தில் கடன் பெற்று ஒரு கலப்பினக் கறவைப் பசு வாங்கியிருந்தார். மகள் திருமணத்தன்று பந்தியில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் வீணாக்க மனமின்றி, வீட்டு லட்சுமிக்கும் கல்யாணச் சாப்பாடு கிடைக்கட்டும் என்று, தொட்டி நிறைய வைத்தார். பசு ஆவலோடு தின்றது. மறுநாள் அசைபோடவில்லை, மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. இன்று அவர் இறந்துபோன பசுவின் கடனைத் தறியில் நெய்து அடைத்து வருகிறார். நாமோ ஆய்வறிக்கையில் "தவணை தவறியது" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பினோம். அந்த வரி பொய்யன்று. ஆயினும் உண்மை முழுவதும் அதில் இல்லை. அந்தப் பசு விதியால் சாகவில்லை, சோற்றால் செத்தது. அதைத் தடுக்கச் சங்கத்தால் முடிந்திருக்கும் என்பதே நமது அபிப்பிராயம்.

மனிதன் உண்பது மாட்டுக்கும் நல்லதுதானே என்று பலரும் எண்ணுகின்றனர். தவறு இங்குதான் தொடங்குகிறது. நம் வயிறு ஒரு பை. மாட்டின் வயிறோ நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் முதல் அறை மிகப் பெரியது; நன்கு வளர்ந்த பெரிய பசுவிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதைச் செரிமானப் பை என்பதைவிட ஊறல் தொட்டி என்பதே பொருந்தும். கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நாரைக் கரைக்கும் சக்தி மாட்டின் சொந்தச் சுரப்புகளுக்குக் கிடையாது. நாரைக் கரைப்பவை அந்த நுண்ணுயிர்களே. அவை நாரைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் மெல்லிய அமிலங்களைப் பசு தன் இரத்தத்தில் ஏற்றுக்கொண்டு உயிர் வாழ்கிறது, பால் சுரக்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே நான்காவது அறைக்கும் குடலுக்கும் சென்று பசுவுக்குப் புரதமாகின்றன. ஆகவே பசுவுக்குத் தீனி இடுகிறோம் என்பது பாதி உண்மைதான். அதன் வயிற்றில் குடியிருப்பவைகளுக்கே முதலில் தீனி இடுகிறோம்.

இந்தத் தொட்டி கெடாமல் காப்பது அசைபோடுதல். பசு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது. அப்போது ஊறும் உமிழ்நீர் பெரிய பசுவுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டரையும் தாண்டும். அந்த நீரில் சமையல் சோடாவை ஒத்த காரம் உண்டு. அதுவே வயிற்றின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. வைக்கோல் போன்ற நார்த்தீனி இருந்தால்தான் அசை உண்டு. அசை இருந்தால்தான் உமிழ்நீர் உண்டு. வெந்த சோற்றுக்கு அசை எதற்கு? அது வயிற்றில் விழுந்தவுடன் மளமளவென்று புளிக்கிறது. கடும் அமிலம் பெருகி, நாரைக் கரைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலிலுள்ள நீரை வயிறு இழுத்துக்கொள்கிறது. மாடு வறண்டு தள்ளாடி விழுகிறது. ஒரே நாளிலும் முடியலாம், மூன்று நாளும் ஆகலாம். பொங்கலன்றும் கல்யாண வீடுகளிலும் நேரும் இந்த விபத்தைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவர்.

வெள்ளாடும் செம்மறியும் எருமையும் இதே நான்கறை இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் இதே ஆபத்துக்கு உட்பட்டவை. பன்றியின் வயிறோ நம்முடையதைப் போல ஓர் அறை கொண்டது. சமையலறை மிச்சம் அதற்கு ஒத்துப்போகும். கழுதைக்கும் குதிரைக்கும் வயிறு சிறியது. நாரைப் புளிக்க வைக்கும் தொட்டி வயிற்றுக்குப் பின்னால் பெருங்குடலில் அமைந்திருக்கிறது. அவற்றால் வாந்தி எடுக்கவும் இயலாது. எனவே சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே முறை. முயலுக்கும் தொட்டி பின்பக்கம்தான். அங்கே உண்டான சத்தை வீணாக்காமல், தன் மென்மையான கழிவைத் தானே உண்டு இரண்டாம் முறை செரித்துக்கொள்கிறது. அதைக் கண்டு அருவருத்துத் தடுப்பது அறியாமை. கோழிக்குப் பல்லே இல்லை. தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் இரை ஊறுகிறது. தசை மிகுந்த வேறொரு பை, கோழி விழுங்கிய சிறு கற்களின் துணையோடு, அதை அரைக்கிறது. தானியம் தின்னவே பிறந்த பறவைக்கு வைக்கோலால் என்ன பயன்?

இந்த வேற்றுமை நம் சங்கத்தாருக்கு நெருங்கிய ஒரு பொருளிலேயே தெளிவாகத் தெரியும். அது பருத்தி. பஞ்சு நெசவாளருக்கு, கொட்டை மாட்டுக்கு என்று நம் முன்னோர் பங்கிட்டார்கள். பருத்திக்கொட்டையில் காஸிபோல் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் அறை அதன் கொடுமையைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. ஆகவே அளவோடு இட்டால் கறவை மாட்டுக்கு அது நல்ல தீனி. ஆனால் பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் இதயத்தையும் ஈரலையும் அது தாக்கும். கோழிக்கு மிகுதியாகச் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு பச்சை கலந்த பழுப்பாக மாறி, முட்டை விலைபோகாது. இளங்கன்றும் இதில் பன்றியின் நிலையில்தான் இருக்கிறது. கன்று பிறக்கும்போது அதன் முதல் அறை சிறியது, வேலை செய்யாதது. ஊட்டும் பால் நேரே நான்காவது அறைக்குச் செல்லுமாறு இயற்கை ஒரு வழி அமைத்திருக்கிறது. சீம்பாலின் நோய் தடுக்கும் சத்தைக் கன்றின் குடல் முதல் நாளில் மட்டுமே முழுமையாக ஏற்கும். புல்லும் கலப்புத் தீவனமும் கொறிக்கப் பழகிய பின்னரே, சில மாதங்களில், கன்று மாடாகிறது. ஒரே கொட்டகையில் ஒரே கயிற்றில் நின்றாலும் தாயும் கன்றும் இரு வேறு வயிறுகள்!

இனி நம் சங்கங்களின் வழக்கத்தைப் பார்ப்போம். தீவனம் கோரும் பட்டியலில் "கால்நடைகள், இத்தனை உருப்படி" என்று எழுதுகிறோம். வருவது ஒரே வகை மூட்டை. அதே மூட்டை பசுவுக்கும் கன்றுக்கும் ஆட்டுக்கும் பிரிகிறது. மாட்டுக்கெனக் கலந்த தாது உப்பில் உள்ள செம்பு, செம்மறியின் ஈரலில் தங்கித் தங்கி ஒரு நாள் உயிரைப் போக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடன் விஷயத்திலும் இதே கதைதான். மாட்டின் விலைக்குக் கடன் உண்டு. அந்த மாடு தின்னப்போகும் வைக்கோலுக்கு இல்லை. மேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்ல நேரமற்ற நெசவாளி என்ன செய்வார்? வீட்டில் மிஞ்சிய கஞ்சியையும் சோற்றையும் தொட்டியில் ஊற்றுவார். 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. வைக்கோலை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. எது தொட்டிக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

"மாடு வளர்ப்பது எங்களுக்குப் புதிதா? காகிதம் படித்தவர் வந்து கற்பிக்க வேண்டுமா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வைக்கோல் போர் மேய்ந்து, கடலைக்கொடியும் சோளத்தட்டையும் தின்று, ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை குடித்து வளர்ந்த நாட்டு மாட்டை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆனால் மாடும் மாறிவிட்டது, தீனியும் மாறிவிட்டது. அதிகம் கறக்கும் கலப்பினப் பசு அதிகம் தின்ன வேண்டும். அதற்குரிய புல் வெளியோ குறைந்துவிட்டது. பழைய அறிவைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. புதிய மாட்டுக்கும் அதை நீட்டிக்கொள்ளவே சொல்கிறோம்.

"சங்கத்தின் வேலை பணம் கொடுத்து வாங்குவது, மாட்டு வயிறு வைத்தியர் வேலை" என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஆனந்தின் வரலாறு விடை கூறும். குஜராத்தில் 1946ல் தோன்றிய கெடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு, பாலை விற்பதோடு நிற்கவில்லை. கஞ்சரியில் கால்நடைத் தீவனத் தொழிற்சாலை ஒன்றையும் அமைத்தது. 1964 அக்டோபர் 31ஆம் நாள் அதைத் திறந்துவைக்கவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கே சென்றார். அங்கு கண்டதை நாடெங்கும் பரப்ப விரும்பியதன் பயனாக 1965ல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. மாட்டின் வயிற்றைத் தன் பொறுப்பாக ஏற்ற ஒரு கூட்டுறவே தேசத்துக்கு வழிகாட்டிற்று.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, தீவனப் பட்டியலில் கறவை மாடு, கன்று, வெள்ளாடு, செம்மறி, கோழி என்று தனித்தனியே எண்ணிக்கை எழுதுக. இரண்டாவது, கறவை மாட்டுக் கடனில் ஒரு பகுதியை வைக்கோலாகவோ தீவனப்புல் கரணையாகவோ பொருளாகவே வழங்குக. மூன்றாவது, வைக்கோலைச் சத்தூட்டும் முறையைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்து காட்டுக. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைப்பது அம்முறை. வளர்ந்த மாட்டின் நுண்ணுயிர்கள் அந்தச் சத்தைப் புரதமாக்கிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும் கழுதை குதிரைக்கும் அது ஆகாது. யூரியா கரைத்த நீர் எந்த மாட்டின் வாயிலும் படலாகாது. நான்காவது, புதிய தீனி எதுவாயினும் பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும் என்பதையும், விருந்துச் சோறு மாட்டுக்கு விஷம் என்பதையும், தின்றுவிட்டால் காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் சங்கப் பலகையில் எழுதிவைக்கட்டும்.

தை பிறக்கப் போகிறது. மாட்டுக்குப் பொங்கலிடும் பண்பைக் கைவிட வேண்டாம். ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டு, நெற்றியில் பொட்டிட்டு, தொட்டியில் பசும்புல்லை நிரப்புங்கள். நாமும் நம் கடமையைச் செய்வோம். இனி மாட்டுக் கடனில் தவணை தவறிய பெயரைக் காணும்போது, அந்த மாடு என்ன தின்றது என்று கேட்டு, அதையும் ஆய்வறிக்கையில் எழுதுவோம்.