எட்டு மணி நேரம் யாருக்கு?

ஆலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் சட்டத்திருத்தம், 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றி அன்றோடு சரியாக நூறாண்டு. மசோதாவைக் கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன், திட்டக்குடித் தொகுதியிலிருந்து தேர்வானவர்.

அந்தத் திட்டக்குடி வட்டாரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்காக எவரும் குரல் எழுப்பியதில்லை.

தை, மாசியில் மானாவாரிக் காடுகளில் பருத்தி எடுப்பும் மக்காச்சோள அறுவடையும் நடக்கும்போது போய்ப் பார்த்தால் தெரியும். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நின்று, உலை வைத்து, தூக்கில் சோறு கட்டிக்கொண்டு புறப்படுகிறாள் ஒருத்தி. கணவனும் அதே காட்டுக்குத்தான் வருகிறான். பொழுது சாய இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்புகிறார்கள். அவன் பேருந்து நிலையத்தருகே இறங்கி டீக்கடைக்குப் போகிறான். அவள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள். மாடு, பிள்ளைகளின் துணி, மறுநாளைக்கான மாவு என்று எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு இதையே எண்ணில் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது முறையே 299, 97. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால், அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! இத்தனைக்கும் இது வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி மட்டுமே. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

உடம்பு நோக உழைத்த ஆண் சற்று உட்காரக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக உட்காரலாம். பக்கத்து வரிசையில் பருத்தி எடுத்தவளுக்கும் அதே இடுப்புவலிதானே? சமைக்கத் தெரியாது என்ற பேச்சும் எடுபடாது. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்கள், அங்கே அறைக்குள் முறைவைத்துச் சமைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். ஊருக்கு விடுப்பில் வந்ததும் குடிக்கத் தண்ணீர்கூட இடம் தேடி வர வேண்டியிருக்கிறது. கை மறந்துபோகவில்லை, வீட்டில் அதற்கு அவசியமில்லை என்பதுதான் விஷயம்.

சவூதியில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டை நடத்திய மனைவிக்கும் சம பங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால், பணம் வந்ததால் அவளுக்கு உட்கார நேரம் வந்துவிடவில்லை. அந்த வகையில் காலை உணவுத் திட்டம்தான் ஒரு படி மேல்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சமையல் என்ற ஒரு வேலையையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டது.

அரசு அந்த வழியில்தான் மேலே போக வேண்டும். வீட்டுக்குள் யார் பாத்திரம் துலக்குவது என்று சட்டம் போட முடியாது. அதை ஆண்கள்தான் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும், இரவுச் சமையலை முழுதாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு. அரசால் முடிந்தது வேறு. பிற்பகலிலேயே அங்கன்வாடி மூடிவிட்டால், காட்டிலிருக்கும் தாயின் குழந்தையை அக்காவோ பாட்டியோதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்திலாவது திட்டக்குடிப் பக்கத்து மங்களூர், நல்லூர் ஒன்றியங்களின் அங்கன்வாடிகள் மாலை ஆறரை வரை திறந்திருக்க வேண்டும். அதற்காக இருக்கிற பணியாளர் தலையிலேயே கூடுதல் நேரத்தைக் கட்டிவிடக் கூடாது; அவரும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்தான். மாலை நேரத்துக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். வரும் தை மாதத்துக்குள் இதற்கான ஆணையை அரசு வெளியிட வேண்டும்.