கடலுக்கு எடுத்துப்போகும் ஜி.பி.எஸ்... எதைப் பார்த்து வாங்குவது?

“என் மருமகனும் அவர் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சின்ன ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சென்னைக்குப் பக்கத்திலுள்ள கோவளத்திலிருந்து தூண்டில் போடக் கிளம்பிவிடுகிறார்கள். ‘போன்ல மேப் இருக்கு மாமா, பயப்படாதீங்க’ என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் பிறந்தநாளுக்குக் கையடக்க ஜி.பி.எஸ் கருவி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நல்ல பரிசு சார்! ஆனால், கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘ஜி.பி.எஸ் இருக்கிறது, அதனால் நாம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கருவி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ரேடியோவில் பாட்டுக் கேட்பது மாதிரி. பாட்டு நமக்குக் கேட்கும். நாம் கத்தினால் நிலையத்துக்குக் கேட்காது. நீங்கள் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ் உங்களுக்கு மட்டும்தான் சொல்லும். அதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். இன்ஜின் நின்று, படகு ஆடிக்கொண்டிருக்கும்போது, ஈரக் கையோடு, பதற்றத்தோடு, திரையிலுள்ள எண்களைச் சரியாகப் படித்துச் சொல்ல முடிகிற கருவிதான் நல்ல கருவி.

போன் போதாதா?

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜி.பி.எஸ் வேலை செய்யும். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்திருந்தால் போதும். ஆனால், நாம் தினமும் பார்க்கும் மேப்பில் கடல் என்பது வெறும் நீல நிறம். எங்கே பாறை, எங்கே ஆழம் குறைவு என்று அது காட்டாது. ஈர விரலுக்கு டச் ஸ்க்ரீன் ஒழுங்காகக் கட்டுப்படாது. உச்சி வெயிலில் போன் சூடாகித் திரை மங்கும். சில நேரம் அணைந்தேவிடும். கைநழுவினால் நேராக அடியில் போய்ச் சேரும்.

இன்னொன்று, உதவி கேட்டுப் பேசவும் அதே போன்தான் வேண்டும். வழி பார்த்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டால் பேசுவதற்கு என்ன மிஞ்சும்? போனைப் பேசுவதற்கு வைத்துக்கொண்டு, வழி பார்க்கத் தனிக் கருவி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

‘கரை கண்ணுக்குத் தெரியும்போது கருவி எதற்கு?’ என்றும் கேட்கலாம். தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் சுமார் 3.5 கி.மீ தூரம்தான். அதைத் தாண்டினால் கடற்கரை மணல் மறைந்துவிடும். உயரமான கட்டடங்களும் கலங்கரை விளக்கமும்தான் தெரியும். ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு.

மிதக்குமா என்று முதலில் கேளுங்கள்

பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ் 7’ என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால், தண்ணீர் புகாது என்பது வேறு, மிதக்கும் என்பது வேறு. மலையேற்றக்காரர்களுக்காகச் செய்த கருவிகள் பலவும் தண்ணீரைத் தாங்கும், ஆனால் மூழ்கிவிடும். கார்மின் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கும் காட்டுக்குமான ‘இட்ரெக்ஸ்’ வரிசை மிதக்காது. படகுக்காரர்களுக்கான ‘ஜி.பி.எஸ் 73’, ‘ஜி.பி.எஸ்மேப் 79’, ‘86’ வரிசைக் கருவிகள் மிதக்கும்.

மிதக்கிற கருவியாக இருந்தாலும் கயிறு கட்டி லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். படகு நகர்ந்துகொண்டே இருக்கும். மிதக்கும் கருவி அங்கேயே நிற்கும்! அந்தத் தரச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. அதனால் கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைப்பதும் அவசியம்.

பட்டன், திரை, பேட்டரி

கடலுக்குப் பட்டன் வைத்த கருவியே மேல். கடையில் வாங்கும்போது ஏசி அறையில் வைத்துப் பார்க்காதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைத் திரை என்று முகம் சுளிக்க வேண்டாம். வெயிலில் அது நன்றாகவே தெரியும். ஒற்றைக் கையால், கண்ணாடி போடாமல், ஒரு முறை எண்களைப் படித்துப் பாருங்கள்.

பேட்டரியில் இரண்டு வகை. ‘ஏஏ’ செல் போடுபவை ஒன்று, உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி கொண்டவை இன்னொன்று. சார்ஜ் ஆகும் வகை அதிக நேரம் ஓடலாம். ஆனால், நடுக்கடலில் தீர்ந்தால் பவர்பேங்க்கும் நனையாத கேபிளும் வேண்டும். ஏஏ செல் என்றால் நான்கு செல்லை ஒரு டப்பாவில் போட்டு மூடி எடுத்துப் போனால் முடிந்தது. மாதம் இரண்டு தடவை மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு என் ஓட்டு ஏஏ செல்லுக்கே.

திசைகாட்டி பற்றியும் கேளுங்கள். விலை குறைந்த சில கருவிகள், படகு நகரும்போதுதான் எந்தத் திசை என்று சரியாகக் காட்டும். இன்ஜின் நின்றுபோனால் அம்புக்குறி குழம்பிவிடும். எலெக்ட்ரானிக் காம்பஸ் உள்ள கருவி நின்ற இடத்திலும் திசை சொல்லும். அது இல்லாத கருவியை வாங்கினால் சாதாரண காந்தத் திசைகாட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவருகிறாரா?

இங்கேதான் கவனம் தேவை. அங்கே விற்கும் சில மாடல்களில் அமெரிக்கக் கரையோர வரைபடத்தை ஏற்றிக் கொடுப்பார்கள். அதற்கும் சேர்த்து விலை கொடுத்து, கோவளத்தில் என்ன செய்வது? இந்தியக் கடலுக்கான வரைபடம் அந்தக் கருவியில் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், சட்டம். சில கருவிகளில் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் வசதி உண்டு. கார்மினில் இதற்கு ‘இன்ரீச்’ என்று பெயர். 86 வரிசையில் ‘86ஐ’ என்ற மாடலில் இது இருக்கிறது. ‘86எஸ்’ மாடலில் இல்லை. ஆபத்துக்கு உதவும் நல்ல வசதிதான். ஆனால், இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட கருவியை வைத்திருக்கக் கூடாது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தார்கள். பிறந்தநாள் பரிசு போலீஸ் ஸ்டேஷனில் போய் முடிய வேண்டாம்! வெறும் ஜி.பி.எஸ் மட்டும் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

1. எண்கள் காட்டும் முறையை முடிவு செய்யுங்கள். பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று ஒரு முறை. பாகை, நிமிடம், விநாடி என்று இன்னொரு முறை. குழப்பினால் என்ன ஆகும்? திரையில் 13 பாகை 05.50 நிமிடம் என்று இருப்பதை, ‘13 பாகை, 5 நிமிடம், 50 விநாடி’ என்று சொன்னால் இடம் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். .50 நிமிடம் என்பது 30 விநாடிதான்! இருட்டில், தண்ணீரில் தலை மட்டும் தெரிகிற ஒருவரைத் தேடும்போது 600 மீட்டர் சின்ன தூரமில்லை. ‘ஐந்து புள்ளி ஐந்து பூஜ்யம் நிமிடம்’ என்று புள்ளியோடு படித்துப் பழகுங்கள்.

2. கிளம்பும்போதே பகல் வெளிச்சத்தில் முகத்துவாரத்திலோ, அலை தாண்டிய இடத்திலோ ஒரு புள்ளியைப் பதிவு செய்யுங்கள். வீட்டையோ பார்க்கிங்கையோ பதிவு செய்தால், திரும்பும்போது கருவி நேர்கோடு போட்டுக் காட்டும். நடுவே அலைத்தடுப்புக் கற்கள் இருப்பது அதற்குத் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்பும் ‘டிராக்பேக்’ வசதியைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

3. ‘எம்.ஓ.பி’ எங்கே இருக்கிறது என்று படகிலுள்ள எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் அந்த இடத்தைப் பதிவு செய்யும் வசதி இது. விழுந்தவரே ஜி.பி.எஸ் தெரிந்த ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது?

4. அவசர எண்களைப் படகிலேயே எழுதி ஒட்டுங்கள். கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. போன் டவர் எட்டும் தூரம்வரைதான் இவை உதவும். அதைத் தாண்டிப் போவதென்றால் வி.எச்.எஃப் ரேடியோ வேண்டும். ஆபத்து அழைப்புக்கு 16-வது சேனல். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். அதுவரை டவர் எல்லைக்குள்ளேயே தூண்டில் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, சார்... கருவி மருமகனிடம் இருக்கட்டும், ஒரு வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் போடும் இடத்துக்குப் போனதும் அந்த எண்களை உங்களுக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்றும் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் 1554-ஐ அழைத்து அந்த எண்களைச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ் கருவியால் செய்ய முடியாத வேலை அது. கரையில் இருப்பவரால் மட்டுமே முடியும்.