பெயர்த்தெழுதும் கடமை

ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் வழக்கம். பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் வாழ்ந்தன, ஏனையவை மறைந்தன. அதே கடமை இன்று கணினியின் வழியே நம்மிடம் வந்துள்ளது.

கோவை, ஈரோடு, திருப்பூர் முதலிய கொங்கு நகரங்களின் அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்த பணி, 1990களில் மெல்லமெல்லக் கணினிக்கு மாறியது. குடமுழுக்கு மலர்களும் பள்ளி ஆண்டுமலர்களும் ஊர் வரலாறுகளும் அக்கால மென்பொருள்களில் உருவாயின. அக்கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றுகின்றன.

இதற்குக் காரணம் உண்டு. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியே பழைய எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட 'தமிழ்' என்னும் சொல்லைக் கணினி ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே அறியும். எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கிவிடும்.

பழைய மென்பொருளையே இயக்கிக்கொண்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்குவதில்லை. எனினும், பழைய கணினியைப் போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்களின் துணையால் அவற்றுட் பலவற்றை இயக்கலாம். இது தேவையான முதற்படி, ஆனால் முடிவன்று. பூட்டைத் திறக்கவே சாவி வேண்டும். உள்ளிருப்பதை வெளிக்கொணராவிடில் திறந்தும் பயனில்லை. பக்கங்களைப் படமாக எடுத்து வைப்பதும் முழுத்தீர்வு ஆகாது. விருந்தினரைக் குறிக்கும் 'ஒறம்பரை' என்னும் கொங்குச் சொல் எந்தெந்த மலர்களில் ஆளப்பட்டுள்ளது எனத் தேடும் ஆய்வாளருக்கு, வெறும் படம் விடை தராது.

உண்மையான தீர்வு ஒருங்குறியே. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியைத் தர முறையாக ஏற்றது. எனவே, இனி எழுதுவனவற்றுக்கு வழி தெளிவாகிவிட்டது. முன்பு எழுதியவையே காத்துக்கிடக்கின்றன.

எழுத்துரு மாற்றிகள் இப்பணியை விரைவாகச் செய்யும். ஆயினும் பிழையின்றிச் செய்துவிடா. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் அமையும். ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். 'ர்' என எழுத வேண்டிய இடத்தில் காலை இட்டு, அதன்மேல் புள்ளி வைத்தோரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இத்தகைய பிழைகளைக் களையத் தமிழறிந்த மனிதரின் கண் வேண்டும்.

இங்குதான் மாணவர்களின் பங்கு தொடங்குகிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய ஆண்டுமலர் ஒன்றையேனும் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துப் பாதுகாக்கலாம். பழைய குறுந்தகடுகளும் அவற்றைப் படிக்கத் தெரிந்தோரும் என்றும் நம்முடன் இருக்கப்போவதில்லை. செல்லரித்த ஏடு தன் அழிவைக் கண்ணுக்குக் காட்டும். கணினிக் கோப்போ ஓசையின்றி மறையும். ஆதலால், பெயர்த்தெழுதும் பணியை இன்றே தொடங்குவோம்.