ஊருக்கும் ஊருக்கும் உறவு

போன வாரம் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் உறவுக்காரப் பையனை வழியனுப்ப, வையம்பட்டியிலிருந்து திருச்சி விமான நிலையம் போயிருந்தேன். சென்னையையே சரியாகப் பார்க்காத பிள்ளை. சிங்கப்பூரில் எந்த பஸ் எங்கே போகும் என்பதை மட்டும் விரல்நுனியில் வைத்திருந்தான்.

வெளிநாட்டு உறவு டில்லியின் வேலை என்று படித்தவர்கள் நாம். அரசியல் சட்டப்படி அது சரிதான். ஆனாலும் ஊர்கள் சும்மா இருப்பதில்லை. சென்னைக்கு 1960களிலேயே ரஷ்யாவின் வோல்கோகிராட் சகோதர நகரம். 1984-ல் அமெரிக்காவின் டென்வரும் சேர்ந்தது. கோவைக்கு ஜெர்மனியின் எஸ்லிங்கன். 2019 அக்டோபரில் சீன அதிபரை நம் பிரதமர் வரவேற்ற இடமும் மாமல்லபுரம்தானே!

ஆனால் மாலை, பொன்னாடை, போட்டோவோடு முடிந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இறந்து போனார். உடல் வந்துசேர பதினெட்டு நாளாயிற்று. யாரிடம் போய்க் கேட்பது என்றே அவர் மனைவிக்குத் தெரியவில்லை. தினமும் போனைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் விமானம் போகிறது. அதில் போகிறவர்களில் நம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்த ஊர்களின் நிர்வாகங்கள் தங்களுக்குள் பேசி, சம்பளம் வராதவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன் விஷயத்தைக் கேட்க இங்கே ஒரு ஆள், அங்கே ஒரு ஆள் என்று வைத்தால் போதும். தூதரகம் செய்வதைத் தூதரகம் செய்யட்டும். வீட்டுக்குச் சேதி சொல்லவாவது ஒருவர் வேண்டாமா?

என்னைக் கேட்டால், ஊருக்கு ஊர் உறவு என்பது இதுதான்.