தபால்தலை ஏட்டில் ஒரு மறைக்கல்வி



தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பங்குகளில் இன்றும் உளர். அவர்தம் பெற்றோருள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு. "சுவாமி, பிள்ளையின் ஏட்டில் கோயிலும் மசூதியும் புத்த விகாரமுமே நிறைந்திருக்கின்றன. இவற்றைப் போற்றிச் சேர்ப்பது விசுவாசத்துக்குப் பழுதாகாதா?" என்பர்.

பிள்ளையின் விசுவாசத்தைக் குறித்துப் பெற்றோர் கவலை கொள்வது நன்றே. ஆயினும் அந்த ஏட்டையே சற்று ஊன்றிப் பார்ப்போம்.

1947இல் விடுதலையோடு பிரிவினையும் வந்தது. சமயத்தின் பெயரால் இரத்தம் பெருகியது. அதன்பின் ஈராண்டே கழிந்த நிலையில், 1949 ஆகஸ்டு 15 அன்று, சுதந்திர இந்தியா அன்றாடப் பயன்பாட்டுக்கென 16 தபால்தலைகளை வெளியிட்டது. 2 அணாத் தலையில் நடராசர். 3 அணாவில் சாஞ்சித் தூபியின் தோரணவாயில். 12 அணாவில் அமிர்தசரஸ் பொற்கோயில். 10 ரூபாயில் குதுப் மினார். 15 ரூபாயில் பாலிதானாவின் சமணக் கோயில். காயம் ஆறாத நாட்டில் இவையெல்லாம் ஒரே வரிசையில் நின்றன. இவை அனைத்தும் நம்முடையவை என்று அச்சிறு தாள்கள் வீடுதோறும் சென்று கூறின.

1972இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களைக் காக்கும் உடன்படிக்கையை ஏற்றது. ஒரு நாட்டின் அரிய செல்வம் அழியுமாயின் அது மனிதகுலம் முழுமைக்கும் இழப்பு என்பதே அதன் அடிப்படை. அந்தப் பட்டியலில் அஜந்தாவும் தாஜ்மகாலும் 1983இலும், சாஞ்சி 1989இலும், குதுப் மினார் 1993இலும் இடம்பெற்றன. இவையெல்லாம் 1949ஆம் ஆண்டின் தபால்தலைகளில் முன்னரே இடம்பெற்றவை.

அந்த 16இல் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றும் இல்லை. ஆனால் நம்மை நாடு மறந்துவிடவில்லை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் பம்பாய் வந்திறங்கிய 1964 டிசம்பர் 2 அன்று புனித தோமையாரின் தபால்தலை வெளிவந்தது. 1974இல் புனித சவேரியாரின் திருவுடல் துயிலும் பேழை தபால்தலையில் இடம்பெற்றது. அப்பேழை உள்ள கோவாவின் ஆலயங்கள் 1986இல் உலகப் பட்டியலில் சேர்ந்தன. எத்தனையோ இந்து, இசுலாமிய இல்லத்தார் அத்தலைகளைத் தம் கடிதங்களில் ஒட்டி அனுப்பினர். அதனால் அவர்களுடைய பக்தி குன்றிப்போயிற்றா? சவேரியார் துயிலும் பொம் ஜேசு ஆலயத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதற்கான செலவில் எல்லாச் சமயத்தாருடைய வரிப்பணமும் கலந்திருக்கிறது. நம் புனிதரின் கல்லறையைப் பிறர் காக்க, அவர்களுடைய திருத்தலத்தின் படத்தை நம் பிள்ளை ஏட்டில் வைக்கத் தயங்குவது முறையாகுமோ?

மதிப்பது வேறு, வழிபடுவது வேறு. ஏத்தென்ஸ் நகரில் புனித சின்னப்பர் அம்மக்களின் தொழுமிடங்களை உற்று நோக்கினார். அங்குக் கண்ட ஒரு பீடத்தைத் தொட்டே தம் போதனையைத் தொடங்கினார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் கற்பித்துள்ளது.

ஆவடித் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் நம்மவர் பல சமயத்தாரோடு தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். தீபாவளிப் பலகாரமும் ரமலான் கஞ்சியும் நம் வீடு தேடி வருகின்றன. அண்டை வீட்டாரின் திருத்தலத்தை ஏளனமாய்ப் பேசப் பழகிய பிள்ளை நாளை அதே தொழிற்கூடத்தில் எவ்வாறு நல்ல சாட்சியாய் நிற்கும்?

ஆகவே, பெற்றோரே, ஏட்டைப் பறிக்காதீர்கள். ஞாயிறு மாலையில் பிள்ளையோடு அமருங்கள். இது எந்த ஊர், யார் கட்டியது, அங்கு மக்கள் எதை வேண்டி நிற்கின்றனர் என்று கேளுங்கள். விடுமுறையில் அண்ணாசாலைத் தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1984இல் உலகப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரத்தையும் நேரில் காட்டுங்கள். வீடு திரும்பியபின் குடும்ப செபமாலையில், அன்று கண்ட இடங்களைக் கட்டிய கைகளுக்காகவும், காக்கும் கைகளுக்காகவும் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள்.